வால்வு மாட்டும் முன் ஐந்தாம் பின்: பழைய கிட்டார் ஆம்ப்பில் பவர் வால்வு மாற்றி பயஸ் வைப்பது

கடலூர், புதுச்சேரிப் பக்கம் பழைய வால்வு (கண்ணாடி வெற்றிடக் குழாய்) ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு முதல் எதிரி உப்புக்காற்று. சத்தம் குறைந்ததும் புது ஜோடி வாங்கி மாட்டுகிறோம். பத்து நிமிடத்தில் அதுவும் சிவந்து போகிறது. பாதி நேரம் கோளாறு வால்வில் இருக்காது. வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்குப் போக வேண்டிய நெகடிவ் வோல்டேஜ், அதாவது பயஸ், வழியிலேயே எங்கோ நின்றுபோயிருக்கும். அதனால் இந்தச் செய்முறையில் பெரும்பகுதி, வால்வு மாட்டுவதற்கு முந்தைய வேலை.

எடுத்துக்காட்டுக்கு மார்ஷல் 50 வாட் மாதிரி, இரண்டு ஈஎல்34 பவர் வால்வு போட்ட, ஃபிக்ஸட் பயஸ் (நெகடிவ் வோல்டேஜைத் தனிச் சுற்று தரும்) ஆம்ப்பை எடுத்துக்கொள்கிறேன். 6எல்6 ஜிசி வால்வு போட்டதற்கும் வழி இதுவே, எண்கள்தான் மாறும்.

கண்டன்சரை வடிக்காமல் கை வைக்காதீர்கள்

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டன்சரில் 400, 500 வோல்ட் நிற்கும். ஆளைக் கொல்லும் அளவு அது. 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரண்டு முனையிலும் குரோகடைல் கிளிப் வயர் வைத்து, சால்டர் போட்ட இடங்களையெல்லாம் ஸ்லீவ் போட்டு மூடுங்கள். ஒரு முனை சேஸிஸில் (ஆம்ப்பின் உலோகச் சட்டம்). மறுமுனையை ஒவ்வொரு ஃபில்டர் கண்டன்சரின் பாசிட்டிவிலும் அரை நிமிடம் பிடித்துவிட்டு மீட்டரில் பாருங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே வந்தால்தான் கை உள்ளே போகலாம். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்வது வேண்டாம். கண்டன்சரும் கெடும், கண்ணிலும் பொறி தெறிக்கும்.

மே மாதப் புழுக்கத்தில் கை எப்போதும் ஈரமாகவே இருக்கும். துண்டு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். ரப்பர் செருப்பு போடுங்கள். ஆம்ப் ஓடும்போது மீட்டரின் கறுப்பு வயரை சேஸிஸில் கிளிப் செய்துவிட்டு, சிவப்பு முனையை ஒரே கையால் பிடியுங்கள். மற்றக் கை பின்னால்.

மீட்டர்

எல்லாக் கடையிலும் கிடைக்கும் மஞ்சள் மீட்டரை இந்த வேலைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வயரின் இன்சுலேஷன் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், டிசி வோல்ட் அளக்கும்போது அதன் உள்தடை 1 மெகா ஓம்தான். கிரிட்டுக்கு 220 கிலோ ஓம் வழியாக வரும் மைனஸ் 42 வோல்ட்டை அது மைனஸ் 34 என்று காட்டும். பயஸ் சரியாக இருக்கும்போதே குறைவு என்று நினைத்து நல்ல பாகத்தைக் கழற்றிப் போடுவீர்கள். 10 மெகா ஓம் உள்தடை உள்ள மெக்கோ, ஃப்ளூக் போன்றவை போதும்.

சாக்கெட்டைச் சுத்தம் செய்வது

பழைய வால்வை அடிப்பகுதியைப் பிடித்து, லேசாகச் சுழற்றியபடி மேலே இழுங்கள். கண்ணாடியைப் பிடித்து ஆட்டினால் அடிக்கட்டை கழன்றுவிடும்.

டார்ச் அடித்து சாக்கெட்டுக்குள் பாருங்கள். கடற்கரை ஊரில் இருந்த ஆம்ப் என்றால் கவ்விகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். பல்லிடுக்கு பிரஷ்ஷில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு ஒவ்வொரு துளையிலும் பத்துப் பதினைந்து தடவை விட்டு எடுத்தால் பிரஷ் பச்சையும் கறுப்புமாக வரும். வெள்ளையாக வரும்வரை மாற்றி மாற்றித் தேயுங்கள். மண்ணெண்ணெய், உப்புத்தாள் இரண்டும் கூடாது. விரிந்துபோன கவ்வியைத் தையல் ஊசியால் உள்பக்கம் நெம்பி இறுக்குங்கள். வால்வு உள்ளே போகும்போது பிடிப்பு கையில் தெரிய வேண்டும்.

2-ஆம் பின்னுக்கும் (ஹீட்டர்) 3-ஆம் பின்னுக்கும் (பிளேட்; எண்ணும் முறை கீழே) நடுவே கரிக்கோடு தெரிந்தால் சாக்கெட்டையே மாற்றுங்கள். கரி மின்சாரம் கடத்தும். தேய்த்தாலும் போகாது, மழைக்காலத்தில் மறுபடி பொறி பாயும்.

அப்படியே 4-ஆம் பின்னான ஸ்க்ரீனுக்குப் போகும் ரெசிஸ்டர்களையும் அளந்துவிடுங்கள். மார்ஷலில் பொதுவாக 1 கிலோ ஓம், 5 வாட். அறுந்தோ, அளவு ஏறியோ இருந்தால் இரண்டையும் மாற்றுங்கள்.

ஐந்தாம் பின்

பெரும்பாலோர் தாண்டிப் போகும் படி இதுதான்.

பவர் வால்வு இரண்டும் வெளியே. மற்றச் சின்ன வால்வுகள் அதனதன் இடத்தில். ஸ்பீக்கர் இணைந்திருக்க வேண்டும். இனி எந்தக் கட்டத்திலும் ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும். கரண்ட் பல்பு வழியாகவே ஆம்ப்புக்குப் போகும் சீரிஸ் லாம்ப் போர்டில் 100 வாட் குண்டு பல்பு மாட்டி ஆம்ப்பைப் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்தால் உள்ளே ஷார்ட். அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போக வேண்டாம்.

மங்கிவிட்டதா? பல்பை எடுத்துவிட்டு நேரடி கரண்டில் போட்டு, ஸ்டாண்ட்பை சுவிட்சைத் (உயர் வோல்டேஜை விடுவது) திறந்து, சாக்கெட்டின் அடிப்பக்கத்திலிருந்து பாருங்கள். நடுத்துளைப் பள்ளத்திலிருந்து கடிகார முள் போகும் திசையில் எண்ணினால் ஐந்தாவது கிரிட். அதில் மைனஸ் 35-லிருந்து மைனஸ் 50-க்குள் ஏதோ ஓர் அளவு, இரண்டு சாக்கெட்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்க வேண்டும். பயஸ் பாட்டை (இந்த அளவை மாற்றும் திருகு) மெதுவாகத் திருப்பினால் அளவு வழவழவென்று நகர வேண்டும். குதித்தால் பாட்டின் உள்ளே உப்பு பூத்திருக்கிறது. பாட்டின் நகரும் முனையான ஸ்லைடரிலிருந்தே கிரிட்டுக்கு நெகடிவ் போகும் சுற்றுகளில் அந்தத் தொடர்பு ஒரு நொடி விட்டாலும் வால்வுக்குக் கடிவாளம் இல்லை. கிளீனர் அடித்துச் சமாளிக்காமல் பாட்டைப் புதிதாகப் போடுங்கள்.

இரண்டு சாக்கெட்டிலும் வோல்டேஜ் இல்லை, அல்லது மிகக் குறைவு என்றால் பயஸ் கண்டன்சர் காய்ந்திருக்கும். புதிதாக 10 மைக்ரோ ஃபாரட், 160 வோல்ட் போடும்போது ஒன்றை மறக்காதீர்கள்: இங்கே கண்டன்சரின் பாசிட்டிவ்தான் எர்த்துக்குப் போகும். பழக்கத்தில் நெகடிவ் முனையை எர்த்தில் வைத்தால் அது வெடிக்கும்.

ஒரு சாக்கெட்டில் மைனஸ் 42, இன்னொன்றில் மைனஸ் 35 என்று வந்தால், குறைந்த பக்கத்தின் 0.022 மைக்ரோ ஃபாரட் கப்ளிங் கண்டன்சர் ஒழுகுகிறது என்று சந்தேகியுங்கள். முன் வால்வின் பாசிட்டிவ் வோல்டேஜ் கசிந்து வந்து நெகடிவைத் தின்கிறது. இரண்டையும் 630 வோல்ட் ரகத்தில் மாற்றுங்கள்.

எல்லாம் சரியானதும் பாட்டை நெகடிவ் மிக அதிகமாக இருக்கும் பக்கம் திருப்பி வைத்து ஆஃப் செய்யுங்கள். பவர் வால்வு இல்லாமல் ஓடியதால் கண்டன்சர் வடிந்திருக்காது. மறுபடி ரெசிஸ்டரால் வடியுங்கள்.

1 ஓம் ரெசிஸ்டர்

8-ஆம் பின் கேத்தோடு, வால்வின் மின்னோட்டம் முழுதும் இதன் வழியே போகும். ஈஎல்34-இல் 1-ஆம் பின்னும் அதோடு சேர்ந்திருக்க வேண்டும். எர்த்துக்குப் போகும் வயரை வெட்டி, நடுவே 1 ஓம், 1 வாட், 1 சதவீத ரெசிஸ்டர் வையுங்கள், சாக்கெட்டுக்கு ஒன்று. இனி அதன் குறுக்கே 1 மில்லி வோல்ட் என்றால் 1 மில்லி ஆம்பியர்.

கணக்கு

ஈஎல்34 தாங்குவது 25 வாட். சும்மா இருக்கும்போது 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது: 17.5 வாட். 3-ஆம் பின்னில் (பிளேட்) 450 வோல்ட் என்றால் 17.5 ÷ 450 = 39 மில்லி ஆம்பியர். நம் ஊர் வெயிலுக்கு 60 சதவீதம் போதும், 33 மில்லி ஆம்பியர். சத்தத்தில் குறை தெரியாது, வால்வு நீடிக்கும். கேத்தோடில் ஸ்க்ரீனின் நாலைந்து மில்லி ஆம்பியரும் சேர்ந்து வருவதால் மீட்டரில் 37, 38 காட்டும். 6எல்6 ஜிசிக்கு 30 வாட் என்று போட்டுக் கணக்கிடுங்கள்.

புது வால்வை மாட்டி, ஒரு நிமிடம் சூடேற விட்டு ஸ்டாண்ட்பையைத் திறந்து, பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். மின்னோட்டம் ஏறினால் பிளேட் வோல்டேஜ் இறங்கும். அதனால் ஒவ்வொரு திருப்பலுக்கும் 3-ஆம் பின்னை மறுபடி அளந்து, கணக்கை மறுபடி போட வேண்டும். இருபது நிமிடம் கழித்து இன்னொரு முறை. இரண்டு வால்வுக்கும் வித்தியாசம் 5 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் இடம் மாற்றி மாட்டுங்கள். வித்தியாசம் வால்வோடு போனால் வால்வு, சாக்கெட்டிலேயே நின்றால் ஆம்ப்.

விளக்கை அணைத்துப் பாருங்கள். நடுவே ஆரஞ்சு வெளிச்சம், கண்ணாடியின் உள்பக்கம் நீல மினுமினுப்பு, இரண்டும் இயல்பு. சாம்பல் நிறத் தகட்டில் சிவப்புத் திட்டு தெரிந்தால் உடனே ஆஃப். உச்சியில் வெள்ளி போலப் பளபளக்கும் பூச்சு பால்வெள்ளையாகிவிட்டால் காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வைத் தூக்கிப் போடுங்கள்.

பின்னர் சேர்த்தவை

சீரிஸ் பல்பை எடுக்காமலே பயஸ் வைத்துவிட்டுச் சிலர் குழம்புகிறார்கள். பல்பு வோல்டேஜைத் தின்றுவிடும். அப்போது எடுத்த அளவு எதற்கும் ஆகாது.

கரண்ட் போன நேரத்தில் சதுர அலை இன்வர்ட்டரில் வைத்து அளப்பதும் அப்படித்தான். அதன் உச்ச வோல்டேஜ் குறைவு, பிளேட் வோல்டேஜும் குறைவாகத் தெரியும். கரண்ட் வரும்வரை பொறுத்திருங்கள்.

பின்பக்கம் வோல்டேஜ் செலக்டர் இருந்தால் 240-இல் வையுங்கள். 220-இல் வைத்து, ராத்திரி லைன் 240-ஐத் தொட்டால் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 6.9 போகும்.

ஃபென்டரின் பழைய 6எல்6 ஆம்ப்பில் ஈஎல்34 மாட்டலாமா என்றால், அப்படியே மாட்டாதீர்கள். 1-ஆம் பின்னை அவர்கள் கிரிட் ரெசிஸ்டருக்குத் தாங்கலாகப் பயன்படுத்தியிருப்பார்கள். ஈஎல்34-க்கு அந்தப் பின் கேத்தோடோடு சேர வேண்டியது. வயரிங் மாற்றிய பிறகுதான் மாட்டலாம்.