7107 வோல்ட்மீட்டரில் கிரவுண்டும் ரெஃபரன்ஸும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐசிஎல்7106, ஐசிஎல்7107 ஆகியவை மூன்றரை இலக்க (1999 வரை காட்டும்) வோல்ட்மீட்டர் கட்டுவதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் ஐ.சி.க்கள். முன்னது எல்சிடி திரையையும் பின்னது எல்இடி இலக்கங்களையும் நேரடியாக இயக்கும். எண் தவறாக வந்தால் ஐ.சி.யை மாற்றிப் பார்ப்பதே பலருடைய முதல் வேலையாக இருக்கிறது. அதற்கு முன் பிழை எந்த வகையில் வருகிறது என்று கவனித்தால், அது எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

திரையில் தெரியும் எண் ஒரு விகிதம். 31-ஆம் முனைக்கும் 30-ஆம் முனைக்கும் இடையிலான உள்ளீட்டு மின்னழுத்தத்தை, 36-க்கும் 35-க்கும் இடையிலான ரெஃபரன்ஸ் மின்னழுத்தத்தால் (ஒப்பிடுவதற்கு அளவுகோலாக வைக்கும் நிலையான மின்னழுத்தத்தால்) வகுத்து, 1000-ஆல் பெருக்கினால் அந்த எண் கிடைக்கும். இந்த நான்கு முனைகளில் எதுவும் ஐ.சி.க்குள் கிரவுண்டோடு, அதாவது சுற்றின் பூச்சிய மின்னழுத்தப் புள்ளியோடு, இணைக்கப்படவில்லை. நாம் இணைத்தால்தான் உண்டு. ஆகவே பூச்சியம் சரியாக நின்று, அளவு கூடக்கூடப் பிழையும் அதே விகிதத்தில் கூடினால் ரெஃபரன்ஸைப் பார்க்க வேண்டும். பூச்சியமே நகர்ந்தால், அல்லது எரியும் இலக்கங்களுக்கு ஏற்ப எண் ஆடினால், கிரவுண்டைப் பார்க்க வேண்டும்.

கிரவுண்டில் நேரும் முதன்மையான தவறு, எல்இடி மின்னோட்டமும் அளவீட்டுச் சுற்றும் ஒரே செப்புத் தடத்தைப் பகிர்ந்துகொள்வது. 7107-இல் ஒவ்வொரு செக்மென்ட்டும் (இலக்கத்தை உருவாக்கும் கோடுகளில் ஒன்று) ஏறத்தாழ 8 மில்லி ஆம்பியர் எடுக்கும். 1888 எரியும்போது 180 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் கிரவுண்டு முனையாகிய 21-ஆம் முனை வழியாக வெளியேறும். 35 மைக்ரான் செப்புப் பலகையில் 1 மில்லிமீட்டர் அகலமும் 2 சென்டிமீட்டர் நீளமும் உள்ள தடத்தின் மின்தடை சுமார் 0.01 ஓம். அதன் குறுக்கே 1.8 மில்லிவோல்ட் விழும். 200 மில்லிவோல்ட் அளவில் கடைசி இலக்கத்தின் மதிப்பு 0.1 மில்லிவோல்ட்தான் என்பதால், இது 18 எண் பிழையாகும். 1111 எரிந்தால் எட்டுச் செக்மென்ட்டுகளே எரிவதால் பிழையும் குறையும். இப்படி எண் மாறினால் மின்னோட்டம் மாறி, அது மீண்டும் எண்ணையே மாற்றும். எனவே 21-ஆம் முனையிலிருந்து மின்வழங்கிக்குத் தனியான, தடித்த இணைப்பு வேண்டும்; உள்ளீட்டுக் கிரவுண்டு வேறு தடமாகச் சென்று, மின்வழங்கியின் பூச்சியத்தில் மட்டும் அதோடு சேர வேண்டும். இதைச் சோதிக்க, 30, 31 ஆகிய முனைகளை ஐ.சி.யின் காலிலேயே குறுக்கிணைத்துப் பாருங்கள். பின்னர் பலகையின் உள்ளீட்டு டெர்மினலில் குறுக்கிணைத்துப் பாருங்கள். முதலில் 000 வந்து, இரண்டாவதில் சில எண்கள் தெரிந்தால் தடத்தில்தான் கோளாறு.

இன்னொரு தவறு 32-ஆம் முனையாகிய காமனைக் கிரவுண்டு என்றே எடுத்துக்கொள்வது. அது நேர்மின் வழங்கலுக்குச் சுமார் 2.8 வோல்ட் கீழே ஐ.சி. தானே நிலைநிறுத்தும் புள்ளி; உள் ரெஃபரன்ஸ் கிடைப்பதே அதிலிருந்துதான். அதைக் கீழே இழுப்பது மிக எளிது, ஏனெனில் அதனால் சுமார் 10 மைக்ரோ ஆம்பியரை மட்டுமே வெளியே தர முடியும். உள் ரெஃபரன்ஸைப் பயன்படுத்திக்கொண்டே காமனைக் கிரவுண்டோடு இணைத்துவிட்டால், ரெஃபரன்ஸ் 5 வோல்ட் வழங்கலின் ஒரு பங்காகிவிடும். வழங்கல் ஆடும்போதெல்லாம் அளவும் ஆடும். உள் ரெஃபரன்ஸ் என்றால் 35-ஐக் காமனோடும், 30-ஐக் கிரவுண்டோடும் இணைக்க வேண்டும். காமனைக் கிரவுண்டோடு சேர்த்தே ஆக வேண்டுமென்றால் ஐசிஎல்8069 போன்ற வெளி ரெஃபரன்ஸைப் பயன்படுத்த வேண்டும். 7107-க்கு வெளி ரெஃபரன்ஸே நல்லது என்பது என் கருத்து. எல்இடி மின்னோட்டத்தால் ஐ.சி. சூடாவதும் ஆறுவதும் உள் ரெஃபரன்ஸை நகர்த்துகின்றன.

எதிர்மின் வழங்கல் இல்லாமல் அதற்குரிய 26-ஆம் முனையைக் கிரவுண்டில் வைத்துவிட்டு, 30-ஆம் முனையையும் அங்கேயே இணைப்போர் உண்டு. உள்ளீட்டு முனைகள் 26-ஆம் முனையைவிடக் குறைந்தது 1 வோல்ட் மேலே இருக்க வேண்டும் என்பதால் இது வேலை செய்யாது. மின்னழுத்தத்தை எதிர்க்குறியாக மாற்றித் தரும் ஐசிஎல்7660 ஒன்றைச் சேர்த்து −5 வோல்ட் பெறுவது எளிய வழி.

பேட்டரியில் இயங்கும் 7106-இலும் இதே வகைச் சிக்கல் வருகிறது. மீட்டரை இயக்கும் 9 வோல்ட் பேட்டரியையே அதே மீட்டரால் அளக்க முயன்றால், காமனோடு இணைந்த 30-ஆம் முனை பேட்டரியின் எதிர்முனைக்கு இழுக்கப்பட்டு அளவு குலைந்துவிடும். அளக்கப்படும் சுற்றும் மீட்டரும் தனித்தனி வழங்கலில் இருக்க வேண்டும்.

ரெஃபரன்ஸைச் சரிசெய்யும்போது, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டில் வைக்காமல் 35-ஆம் முனையிலும், சிவப்பை 36-இலும் வைத்து, 200 மில்லிவோல்ட் அளவுக்கு 100.0 மில்லிவோல்ட் வருமாறு பல சுற்றுப் பிரீசெட்டை (திருகி மாற்றும் மின்தடையை) திருப்புங்கள். இலக்கங்கள் சிறிது நேரம் எரிந்து ஐ.சி. வெதுவெதுப்பான பின்பே இதைச் செய்யுங்கள்; பிறகு அளவின் மேல்முனைக்கு அருகில், 190 மில்லிவோல்ட் அளவில் ஓர் உள்ளீடு கொடுத்து ஒப்பிடுங்கள். அதே உள்ளீட்டைத் திருப்பி இணைக்கும்போது எதிர்க்குறியோடு வரும் எண் ஒன்றிரண்டுக்கு மேல் வேறுபட்டால், 33-க்கும் 34-க்கும் இடையிலுள்ள 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை, மின்கசிவு குறைந்த 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியாக மாற்றிப் பாருங்கள்.