செங்குத்துக் கோட்டின் சமன்பாடு: சாய்வைத் தேடாமலே எழுதலாம்

பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலில் கொடுத்த ஒரு கோட்டுக்குச் செங்குத்தாக, கொடுத்த புள்ளி வழியே போகும் கோட்டின் சமன்பாடு கேட்டால், முதலில் சாய்வைக் கண்டுபிடித்து, அதைத் தலைகீழாக்கி, குறியை மாற்றி, அப்புறம் புள்ளியைப் பிரதியிட்டு என்று நீளமாகப் போவோம், அதில் குறியை மாற்ற மறந்தால் மொத்த விடையும் போச்சு.

இப்படிச் செய்து பாருங்கள். கோடு 2எக்ஸ் + 5ஒய் = 7, புள்ளி (3, 1) என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ், ஒய் இரண்டின் கெழுக்களையும் இடம் மாற்றுங்கள், நடுவில் உள்ள குறியையும் மாற்றுங்கள்: 5எக்ஸ் − 2ஒய் = கே (கே என்பது நாம் கண்டுபிடிக்க வேண்டிய எண்). இதில் புள்ளியைப் போட்டால் 15 − 2 = 13. அவ்வளவுதான், விடை 5எக்ஸ் − 2ஒய் = 13.

சரியா என்று பார்க்க இரண்டு சாய்வுகளையும் பெருக்குங்கள். −2/5, 5/2 இரண்டின் பெருக்கல் −1 வரும், அப்படி வந்தால் கோடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்து. இந்தச் சரிபார்ப்பைத் தேர்வில் விடவே விடாதீர்கள், அரை நிமிடம்கூட ஆகாது.

எனக்கு இந்த வழி பிடிக்க இன்னொரு காரணம், எக்ஸ் = 4 மாதிரி நிலைக்குத்துக் கோடு வந்தால் அதற்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை, பெருக்கல் −1 என்ற விதி அங்கே உதவாது. ஆனால் ஒய்யின் கெழு 0 என்று எடுத்து இதே போல மாற்றினால், அதே புள்ளிக்கு ஒய் = 1 என்று நேராக வந்துவிடும்.