பழைய டைப்ரைட்டருக்கு எண்ணெய் விடாதீர்கள்

மூடப்போகும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டிலோ பழைய இரும்புக் கடையிலோ ஒரு ரெமிங்டன் கிடைக்கிறது. விசையை அடித்தால் எழுத்துக் கம்பி பாதியில் நிற்கிறது, அல்லது மேலே போய் ஒட்டிக்கொள்கிறது. உடனே தையல் மெஷின் எண்ணெயை எடுத்து ஊற்றிவிடுகிறார்கள். சேகரிப்பவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் மோசமானது.

கம்பிகள் எல்லாம் அரைவட்ட இரும்புத் துண்டு ஒன்றின் மெல்லிய காடிகளுக்குள் ஆடுகின்றன. அதற்கு செக்மெண்ட் என்று பெயர். அங்கே எண்ணெய் போனால் முதல் நாள் கம்பிகள் வழுக்கிக்கொண்டு ஓடும். சில வாரங்களில் தூசியும் ரப்பர் துகளும் அதில் குழைந்து பசையாகிவிடும். செக்மெண்ட் காய்ந்துதான் இருக்க வேண்டும். மெஷினுக்கு அடியில் பழைய துணியை விரித்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டு, காடிகளில் மட்டும் தேயுங்கள். ஈரம் இருக்கும்போதே ஒவ்வொரு விசையையும் முப்பது, நாற்பது முறை அடியுங்கள். கறுப்பாகக் கசிவதைத் துடைத்துவிட்டு மறுபடியும் செய்யுங்கள். பல வருட அழுக்கு மூன்று நான்கு தடவையில்தான் இளகும். பெயிண்டிலும் பிராண்ட் பெயர் எழுத்துகளிலும் ஆல்கஹால் படக்கூடாது, கரைந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகும் ஒரே ஒரு கம்பி மட்டும் திணறினால் அழுக்கு காரணமாக இல்லாமல் அது வளைந்திருக்கலாம்.

தமிழ் மெஷினைச் சோதிக்கும்போது வேறொரு குழப்பம் வரும். புள்ளி விசையை அடித்தால் கேரேஜ், அதாவது தாளைத் தாங்கிப் பக்கவாட்டில் நகரும் மேல் பகுதி, நகராது. அது பழுதில்லை, நகரா விசை. முதலில் புள்ளி விழுந்து, அதே இடத்தில் ‘க’ விழுந்தால்தான் ‘க்’ வரும். இதைச் ‘சரிசெய்ய’ முனைந்து நல்ல மெஷினைக் கெடுத்துவிடாதீர்கள்.

எந்த விசைக்கும் கேரேஜ் நகரவில்லை என்றால், அதை இழுக்கும் நாடா அறுந்திருக்கலாம். பின்பக்கம் அந்த நாடா சுற்றியிருக்கும் ஸ்பிரிங் டிரம்மைப் பாருங்கள். டிரம்மின் நடு ஸ்க்ரூவை மட்டும் கழற்றாதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் சட்டென்று அவிழ்ந்து கையைக் கிழிக்கும்.

ரிப்பன் வாங்கும்போது பழைய ஸ்பூலைத் தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலான மெஷின்களுக்கு அரை அங்குல ரிப்பன் பொருந்தும், ஸ்பூல்தான் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. புது ரிப்பனைப் பழைய ஸ்பூலில் சுற்றிக்கொள்ளுங்கள். சில மெஷின்களில் ரிப்பன் முனைக்கருகே உள்ள சிறு உலோகக் கண் தடுக்கித்தான் ஓட்டம் திசை மாறும். அந்தக் கண் இல்லாத ரிப்பனைப் போட்டால் ஓட்டம் முனையில் நின்று, ஒரே இடத்தில் அடி விழுந்து ரிப்பன் கிழியும்.

தாள் சுற்றும் ரப்பர் ரோலரில் நகம் பதியாமல் கல் மாதிரி இருந்தால் தாளுக்குப் பின்னால் இன்னொரு தாளை வைத்து அடியுங்கள். கம்பி நுனியில் உள்ள எழுத்து அச்சுக்கு அது நல்லது.

கோத்ரெஜ் 1955இல் தொடங்கிய டைப்ரைட்டர் உற்பத்தி நின்றே பல வருடமாகிறது. அதனால் உங்களிடம் உள்ள அதே மாடலில் ஓடாத மெஷின் ஒன்று மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள். ஸ்க்ரூ, ஸ்பிரிங், விசைத் தொப்பி எல்லாம் அதிலிருந்துதான் கிடைக்கும். எடுத்துவரும்போது கேரேஜைப் பிடித்துத் தூக்காதீர்கள். வரியின் இரு எல்லைகளையும் குறிக்கும் மார்ஜின் நிறுத்திகள் இரண்டையும் நடுவுக்குத் தள்ளி கேரேஜை அசையாமல் நிறுத்தி, அடிச்சட்டத்தை இருபக்கமும் பிடித்துத் தூக்குங்கள்.