ஆலிவ் இலைக் கஷாயம் குடிப்பதற்கு முன்

ஆலிவ் என்றால் எண்ணெயும் காயும்தான் நமக்குத் தெரியும். கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின் பக்கம் அதன் இலையும் பழைய கைமருந்து. காய்ச்சலுக்குக் கொடுத்திருக்கிறார்கள், சிறுநீர் நன்றாகப் பிரியவும் குடித்திருக்கிறார்கள். இலையின் கடும் கசப்புக்கு முக்கியக் காரணம் ஒலியூரோபீன் என்ற பொருள். ஆய்வாளர்கள் அதிகம் கவனிப்பதும் அதைத்தான்.

செய்முறை எளிது. மருந்து தெளிக்காத இலையைக் கழுவி, நிழலில் மொறுமொறுவென உலர்த்தி நொறுக்கி வையுங்கள். ஒரு தேக்கரண்டி இலைக்கு ஒரு கப் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து வடிகட்டினால் போதும். கசப்பு தாங்கவில்லை என்றால் எலுமிச்சையும் கொஞ்சம் தேனும் சேர்க்கலாம்.

இனி சொல்வதுதான் முக்கியம். இந்த இலைக்கு ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் குறைக்கும் தன்மை உண்டு. 2011இல் வெளியான ஓர் இந்தோனேசிய ஆய்வில், ஆரம்ப நிலை ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இலைச்சாறு மாத்திரை தினம் இரண்டு வேளை, 500 மில்லிகிராம் வீதம் எட்டு வாரம் தரப்பட்டு, அழுத்தம் இறங்கியது. அதனால் ஏற்கெனவே பிரஷர், சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதையும் குடித்தால் அளவுக்கு மீறி இறங்கித் தலைசுற்றலாம். மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள், மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கவே வேண்டாம். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் தவிர்ப்பது நல்லது.

அப்புறம், இலங்கையில் வெரளு என்று விற்கும் ‘சிலோன் ஆலிவ்’ வேறு மரம். அதன் இலையை இதற்குப் பறிக்காதீர்கள்.