கே.ஆர்.பி. அணையில் ஜிலேபி பிடிக்க: முதலில் இடம், பிறகுதான் இரை

தூண்டில்காரர்கள் கூடினால் பேச்சு இரையைச் சுற்றியே போகும். குளத்துக்கு அது சரி. கே.ஆர்.பி. எனப்படும் கிருஷ்ணகிரி அணை போன்ற பெரிய நீர்ப்பரப்பில் ஜிலேபி (திலாப்பியா) எங்கே நிற்கிறது என்று தெரியாமல் எந்த இரையைப் போட்டாலும் தக்கை அசையாது. ஜிலேபி பாசியையும் வண்டலையும் மேயும் மீன். வெயில் ஏறியதும் கரையோரத்து ஆழமில்லாத தண்ணீருக்கு வரும், குளிர்ந்தால் ஆழத்துக்கு இறங்கும். அந்தப் போக்குவரத்துப் பாதையில் உட்கார்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கம்பை எடுக்குமுன் ஒரு வேலை இருக்கிறது. அணைகளிலும் பெரிய ஏரிகளிலும் மீன்பிடி உரிமை குத்தகைக்கோ உரிமத்துக்கோ உட்பட்டது. எந்தக் கரையில் தூண்டில் போடலாம் என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மதகுப் பக்கம் எப்போதும் வேண்டாம்.

அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 52 அடி. அன்றைக்கு எத்தனை அடி என்பதைவிட, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் உங்களுக்கு முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஏறும்போது புதிதாக மூழ்கிய புல்லுக்குள் மீன் மேய வரும். அப்போது கரையிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, இடுப்பளவுக்கும் குறைந்த தண்ணீரில் போட்டாலே போதும். பாசனத்துக்குத் திறந்து மட்டம் இறங்கத் தொடங்கினால் அதே மீன் புல்லை விட்டு வெளியே, தரை சரியத் தொடங்கும் விளிம்பில் போய் நிற்கும்.

தண்ணீர் வற்றிய காலத்தில் ஒருமுறை வெறும் கரையை நடந்து பாருங்கள். காய்ந்த வண்டலில் தாம்பாளம் போல வட்டக் குழிகள் பக்கம் பக்கமாகத் தெரியும். ஆண் ஜிலேபி வாயாலும் வாலாலும் தோண்டிய கூடு அது. குழி இருக்கும் தரை பெரும்பாலும் மணல் கலந்த இறுகிய மண்ணாக இருக்கும், கொழகொழ சேறாக இருக்காது. அங்கே அருகில் உள்ள மரம், பாறை, மின்கம்பம் எதையாவது அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மீண்டும் ஏறி அந்தத் தரைக்கு மேல் இரண்டு மூன்று அடி நிற்கும் நாட்களில், முதலில் தேட வேண்டிய இடம் அதுதான். தென்பெண்ணையும் மார்க்கண்டேய நதியும் வந்து சேரும் மேல்பக்கத்துச் சரிவான கரைகளில் இதைத் தேடுங்கள். அணைக்கட்டை ஒட்டிய கல் கரை சட்டென்று ஆழமாகிவிடும், கூட்டுக்கு ஏற்றதல்ல.

தண்ணீர் தெளிந்திருந்தால் நண்பகலில் மேட்டிலிருந்து கூட்டை நேராகவே பார்க்கலாம். கூட்டைக் காக்கும் ஆண் மீன் கறுத்து, தொண்டை வெளுத்து, துடுப்பு விளிம்பு சிவந்திருக்கும். உங்கள் நிழல் குழிமேல் விழுந்தால் ஓடிவிடும். சில நிமிடம் அசையாமல் நின்றால் பெரும்பாலும் திரும்பி வரும்.

நேரத்தைப் பொறுத்தவரை, விடியற்காலையில் போனால்தான் மீன் கிடைக்கும் என்ற எண்ணம் இங்கே உதவாது. பாசி பிடித்துப் பச்சையான தண்ணீரில் இரவு முழுக்க உயிர்க்காற்று குறைந்துகொண்டே வரும். விடியலில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுமே தவிர இரை எடுக்காது. எட்டு மணிக்குமேல் நிலைமை மாறும். மார்கழி, தை மாதங்களில் இன்னும் தாமதம்: தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் ஜிலேபி சோர்ந்துவிடும், பதினொன்று முதல் நான்கு மணிவரைதான் பலன்.

கம்பு 10 முதல் 12 அடி போதும், மூங்கிலோ ஃபைபரோ. தூண்டில் நரம்பு 0.20 முதல் 0.25 மி.மீ. முள் 8 அல்லது 10 ஆம் எண். எண் கூடக் கூட முள் சிறிதாகும் என்பதைக் கடையில் மறக்க வேண்டாம். ஜிலேபியின் வாய் சிறியது, கெளுத்திக்குப் போடும் முள்ளைப் போட்டால் புழு மட்டும் காணாமல் போகும். தக்கைக்கு ரப்பர் செருப்பில் வெட்டிய விரல் நீளத் துண்டு நன்றாக வேலை செய்யும். முள்ளுக்கு ஒரு சாண் மேலே ஈயத்தை நசுக்கி மாட்டுங்கள். தக்கையின் நுனி ஒரு விரற்கடை மட்டும் வெளியே தெரியும்வரை ஈயத்தைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். பாதித் தக்கை மேலே மிதந்தால், இழுக்கும்போது கனம் தெரிந்து மீன் துப்பிவிடும்.

அடுத்து ஆழம் அளக்க வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான். முள்ளில் கூடுதல் ஈயம் ஒன்றை மாட்டி வீசுங்கள். தக்கை முழுகினால் மேலே நகர்த்துங்கள், படுத்துக் கிடந்தால் கீழே இறக்குங்கள். நேராக நின்று நுனி மட்டும் தெரிந்தால் அதுதான் ஆழம். கூடுதல் ஈயத்தைக் கழற்றி, இரை தரைக்கு நான்கு விரல் மேலே நிற்கும்படி தக்கையை இறக்கிக்கொள்ளுங்கள்.

மண்புழுவை அரையாகக் கிள்ளி முள் மறையும்படி கோத்துவிடுங்கள், வால் அரை அங்குலத்துக்குமேல் தொங்கக்கூடாது. மாவு இரைக்குக் கோதுமை மாவு 100 கிராம், கடலைப் புண்ணாக்குப் பொடி 25 கிராம், பிய்த்துப் போட்ட பஞ்சு ஒரு சிட்டிகை. சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து கால் மணி நேரம் மூடி வையுங்கள். பஞ்சு இல்லாவிட்டால் தண்ணீரில் பட்டதும் கரைந்துவிடும். உருண்டை பட்டாணி அளவு. மீனைக் கூட்டத் தவிடு அரைக் கிலோவும் புண்ணாக்கு 100 கிராமும் நனைத்து எலுமிச்சை அளவு உருண்டைகளாக முதலில் நான்கு, பிறகு அரை மணிக்கு ஒன்று. ஆசைப்பட்டு அள்ளிக் கொட்டினால் குஞ்சுகள்தான் மொய்க்கும்.

தக்கை படபடவென்று நடுங்கினால் கையைக் கட்டிக்கொண்டிருங்கள், அது கொறிப்பு. தக்கை ஒரு பக்கமாக ஊர்ந்தாலோ, சற்றே மேலெழுந்து சாய்ந்தாலோ மணிக்கட்டை மட்டும் ஒரு சாண் தூக்குங்கள். ஓங்கி இழுத்தால் உதடு கிழியும். இருபது நிமிடம் ஒன்றும் நடக்காவிட்டால் இரையை மாற்றாதீர்கள், ஆழத்தை மாற்றுங்கள். அதற்கும் அசையாவிட்டால் இருபது அடி நகர்ந்து உட்காருங்கள்.

முதுகு முட்கள் ஆழமாகக் குத்தும். தலையிலிருந்து பின்னோக்கித் தடவி, துடுப்பை மடக்கிய பிறகே பிடியுங்கள். வாய்க்குள் முட்டையோ குஞ்சோ வைத்திருக்கும் தாய் மீனுக்குத் தொண்டை புடைத்திருக்கும். அது பெரும்பாலும் இரை எடுக்காது, மாட்டினால் விட்டுவிடுங்கள். ஆனால் உயிருள்ள ஜிலேபியை ஊர்க் குளத்தில் கொண்டுபோய் விடவே வேண்டாம். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் இது. ஒரு குளத்தில் நுழைந்தால் நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

மட்டம் இறங்கிய கரையில் மேலே காய்ந்து அடியில் சேறாக இருக்கும். கம்பால் குத்திப் பார்க்காமல் கால் வைக்காதீர்கள், தனியாகவும் போகாதீர்கள். தண்ணீரில் நுரை மிதந்தாலோ மீன் செத்து ஒதுங்கியிருந்தாலோ அன்று சமையலுக்குப் பிடிக்க வேண்டாம்.

பிடித்ததை ஈரச் சாக்கில் போட்டு வைக்காமல் உடனே ஐஸில் வையுங்கள். வீட்டில் வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புச் சவ்வைக் கல்லுப்பு வைத்துத் தேய்த்து எடுத்து, புளித் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசினால் சேற்று வாடை பெருமளவு போய்விடும்.