ஒத்திசைவற்ற அழைப்புகளில் இணைப்பு கசியும் இடங்கள்

நான் பராமரித்த ஒரு சேவை பகலெல்லாம் ஒழுங்காக ஓடும். நள்ளிரவு தாண்டியதும் திறந்த கோப்புகள் வரம்பை மீறிவிட்டன என்ற பிழையோடு நின்றுவிடும். மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடும். லினக்ஸில் ஒவ்வொரு பிணைய இணைப்பும் ஒரு திறந்த கோப்பாகவே எண்ணப்படும். கோப்பு வரம்பை 1024-லிருந்து பல மடங்கு உயர்த்திப் பார்த்தோம். சேவை நிற்கும் நாள் தள்ளிப்போனதே தவிர, நிற்பது நிற்கவில்லை. நாங்கள் செய்த முதல் தவறு அதுதான்: ஓட்டையை அடைக்காமல் பெரிய குடம் வாங்கியது.

வரம்பைத் தொடும் முன் இணைப்புகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பாருங்கள். லினக்ஸில் 'எஸ்எஸ்' கட்டளை போதும். 'டைம்-வெயிட்' என்று காட்டுபவை நம் பக்கம் முறையாக மூடியவை. 60 நொடியில் இயங்குதளத்தின் மையமான கர்னலே அவற்றைத் துடைத்துவிடும். 'க்ளோஸ்-வெயிட்' அப்படியல்ல. எதிர்முனை மூடிவிட்டது, நம் நிரல் இன்னும் மூடவில்லை என்று அதற்குப் பொருள். அதற்குக் காலக்கெடுவே கிடையாது. நிரல் மூடும்வரை அப்படியே கிடக்கும். எங்கள் சேவையில் மணிக்கு மணி ஏறிக்கொண்டே போனது இந்த எண்ணிக்கைதான். அதுவரை எதிர்முனை சர்வரின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்த நாங்கள், அன்றுதான் எங்கள் நிரலைத் திறந்து பார்த்தோம்.

கசிவு, அழைப்பு ரத்தாகும் பாதையில் இருந்தது. ஒத்திசைவற்ற நிரல் என்பது ஒரு பதிலுக்குக் காத்திருக்கும்போதே வேறு வேலையைக் கவனிப்பது. அதில் ஒவ்வொரு 'அவெய்ட்'டும், அதாவது காத்திருக்கும் ஒவ்வொரு வரியும், ரத்து வந்து விழக்கூடிய இடம். இணைப்பை எடு, அழை, பதிலைப் படி, கடைசி வரியில் மூடு என்று எழுதியிருந்தோம். டைம்அவுட் ஆனதும் செயல் நடு வரியிலேயே அறுந்துவிடும். மூடும் வரி ஓடவே ஓடாது. நாங்களே எழுதிய இணைப்புத் தொகுப்பு, எடுத்தவற்றின் பட்டியலைப் பிடித்து வைத்திருந்ததால் நினைவகத் துப்புரவும் அவற்றைத் தொடவில்லை. பிழைகளைப் பிடிக்கும் 'எக்செப்ட் எக்செப்ஷன்' எழுதியிருக்கிறோமே என்று நம்பியிருந்தோம். பைத்தான் 3.8 முதல் ரத்துப் பிழை நேராக 'பேஸ்எக்செப்ஷன்' வகையைச் சேர்ந்தது. அந்த வலையில் அது விழாது. மூடும் வேலை இருக்க வேண்டிய இடம், எப்படி முடிந்தாலும் ஓடும் 'ஃபைனலி'. தொகுதி முடிந்ததும் தானே மூடிவிடும் 'ஏசிங்க் வித்'தை நூலகம் தந்தால் அதுவே மேல், ஏனென்றால் மறப்பதற்கு அதில் வரியே இல்லை.

மூடச் சொல்வது வேறு, மூடி முடிவது வேறு. இணைய அழைப்புகளுக்கான பைத்தானின் ஏஐஓஹெச்டிடிபி நூலகத்தில், இணைப்புகளைப் பிடித்து வைத்திருக்கும் செஷனை மூடும் செயலும் ஒத்திசைவற்றதே. 'அவெய்ட்' போடாமல் அதை அழைத்தால் எதுவும் நடக்காது. ஓர் எச்சரிக்கை மட்டும் பதிவில் விழும். அந்த எச்சரிக்கையைத் தயவுசெய்து அடக்கி வைக்காதீர்கள். கசியும் இடத்தைக் காசு வாங்காமல் காட்டிக்கொடுக்கும் துணை அது.

அடுத்தது, அழைப்புக்கு ஒரு செஷன் திறப்பது. கசிவுக்குப் பயந்தவர்கள்தான் பெரும்பாலும் இதில் விழுகிறார்கள். ஒவ்வொரு முறையும் புதிய இணைப்பு, புதிய டிஎல்எஸ் கைகுலுக்கல் (பாதுகாப்பான இணைப்புக்கான முன்னேற்பாடு). வெளியே செல்லும் இணைப்புகளுக்கு லினக்ஸ் இயல்பாகத் தரும் தற்காலிக போர்ட்டுகள் (இணைப்பு எண்கள்) 32768 முதல் 60999 வரை. ஒரே சர்வரை வேகமாக அழைத்தால் 'டைம்-வெயிட்' அவற்றைத் தின்றுவிடும். ஒரே செஷனைப் பகிர்ந்துகொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட்டில், இணைய அழைப்புகளை அனுப்பும் ஹெச்டிடிபிகிளையன்ட்டை ஆயுளுக்கும் வைத்திருப்பவர்கள், இணைப்பின் ஆயுளுக்கு ஒரு வரம்பும் வைக்க வேண்டும். இல்லையெனில் டிஎன்எஸ்ஸில் (சர்வர் பெயருக்கு முகவரி சொல்லும் அமைப்பு) முகவரி மாறியது அதற்குத் தெரியாது.

டாட்நெட்டின் பழைய சேவைக் கட்டமைப்பான டபிள்யுசிஎஃப் சேவைகளை அழைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 'யூசிங்' தொகுதி முடியும்போது 'க்ளோஸ்' தானே ஓடும். சேனல் ஏற்கெனவே பழுதாகியிருந்தால் அந்த 'க்ளோஸ்' தானும் ஒரு பிழையை எறியும், உண்மையான முதல் பிழை அதற்கடியில் புதைந்துவிடும். அங்கே பழுதான சேனலுக்கு, உடனே கைவிடும் 'அபார்ட்'தான் சரி.

பல பணிகளை ஒன்றாக ஓட்டும் பைத்தானின் 'கேதர்' பற்றியும் கவனம் தேவை: ஒரு பணி தோற்றாலும் மற்றவை பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். பைத்தான் 3.11-இல் வந்த 'டாஸ்க்குரூப்', ஒன்று தோற்றால் மற்றவற்றை ரத்து செய்து, அவை முடியும்வரை காத்திருக்கும்.

இப்போது என் சோதனைகளில் வேண்டுமென்றே தாமதிக்கும் ஒரு சர்வர் இருக்கிறது. அதற்கு 200 அழைப்புகளை அனுப்பி, எல்லாவற்றையும் பாதியில் ரத்து செய்து, பிறகு அந்தச் சர்வரை நிறுத்துகிறேன். கசிந்த இணைப்பு ஒன்று இருந்தாலும் அந்த நொடியே 'க்ளோஸ்-வெயிட்' பட்டியலில் வந்து நிற்கும்.