யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்

"எங்க அம்மைட்ட சொல்லிராதீய மிஸ்." பாளையங்கோட்டைப் பள்ளிகளில் 15, 16 வயதுப் பிள்ளைகளோடு பேசும் ஆலோசகர்களுக்கு இது பழகிப்போன வார்த்தை. மனமிரங்கி, "சரிம்மா, யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. உயிரை விட நினைக்கிறேன் என்று அடுத்த நிமிடமே அந்தப் பிள்ளை சொல்லலாம். பாலியல் தொல்லை என்றால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைக்கும் இடம் உண்டு. வாக்குக் கொடுத்துவிட்டு மீறினால், அந்தப் பிள்ளை அப்புறம் எந்தப் பெரியவரையும் நம்பாது. அதனால் பேச்சைத் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்: "நீ சொல்றது எங்கிட்டயே இருக்கும். உனக்கு ஆபத்துன்னா மட்டும் வேற ஆள்கிட்ட சொல்ல வேண்டிவரும். அதையும் உங்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்."

இதற்கு நேர் எதிர்த் தவறும் நடக்கிறது. பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வா என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அழுதுகொண்டு வந்த பிள்ளையை உட்காரவைத்துக் கேட்க யாருடைய அனுமதியும் வேண்டாம். தொடர்ந்து சிகிச்சை, மருந்து என்று போகும்போதுதான் பெற்றோர் சம்மதம் வேண்டும். நம் நாட்டில் 18 வயது வரை மைனர்தான். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் மைனருக்கு சட்டப்பூர்வ பாதுகாவலரையே சிகிச்சை விஷயத்தில் பிரதிநிதியாக வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் 16 வயதிலேயே சம்மதம் தரலாம் என்று இணையத்தில் படித்துவிட்டு இங்கே அப்படியே செய்யக் கூடாது.

கையெழுத்து யாருடையது என்பதையும் பாருங்கள். அப்பா துபாயில், அம்மா திருப்பூரில், பிள்ளை ஆச்சி வீட்டில் என்பது நம் பக்கத்தில் சாதாரணம். ஆச்சி பாசமாகக் கையெழுத்துப் போடுவார். சட்டத்துக்கு அது போதாது. அப்பாவையோ அம்மாவையோ போனில் பிடித்துப் பேசுங்கள், சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதற்காகப் பிள்ளையைக் கேட்காமல் விடுவதும் தவறுதான். "இவனுக்கு கொஞ்சம் புத்தி சொல்லுங்க" என்று கொண்டுவந்து விடப்பட்ட பையன், தானாக இசையாதவரை வாயைத் திறக்க மாட்டான்.

சம்மதம் தந்த பெற்றோருக்கு வார்த்தைக்கு வார்த்தை ஒப்பிக்க வேண்டியதில்லை. பிள்ளை எப்படி இருக்கிறது, வீட்டில் என்ன மாற வேண்டும் என்பது போதும். ஸ்டாஃப் ரூமில் மூச்சே விடாதீர்கள். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி மாதிரி ஊர்களில் மதியம் அங்கே சொன்னது பொழுது சாயும் முன் தெருவுக்கு வந்துவிடும். அந்தப் பிள்ளை நாளைக்கும் அதே தெரு வழியாகத்தான் பள்ளிக்கு வர வேண்டும்.

தொல்லை கொடுப்பவரே வீட்டில் இருந்தால், அனுமதி கேட்டு வீட்டுக்கு முதல் போனைப் போடாதீர்கள். போக்சோ புகாருக்குப் பெற்றோர் சம்மதம் தேவையில்லை. காவல்துறைக்குச் சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள், பாதுகாப்பான இடம் உறுதியாகும் வரை பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள். மனம் உடைந்து உடனடியாகப் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இரவிலும் எடுப்பார்கள்.